ஒரகடத்தில் பன்னிரண்டாவது நாற்காலி

கொழும்பு பார்த்தவன் நான். மாலத்தீவில் ஐஸ் பிளாண்டு போடலாம் என்று கூப்பிட்டார்கள். விமானத்தில் போய்ப் பார்த்து, இடம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன். துபாயில் மூத்த மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் மீன் மார்க்கெட்டைக் கண்டுபிடித்துவிடுவேன். மீன் விற்கிற இடத்தில் எனக்குப் பாஷை தேவையில்லை. ஒரகடத்தில் அப்படி ஒரு மார்க்கெட் என் கண்ணில் படவில்லை. எனக்கு வாய்த்த ஒரே வெளிநாடு அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் சூசை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். துறைமுகத்தில் ஐஸ் கட்டி சுமந்தேன். என் கழுத்து வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பது அதனால்தான். இன்று எங்கள் கரையில் எந்த வள்ளம் கடலில் இறங்கினாலும் அதில் என் ஐஸ் இருக்கும். இரண்டு பிளாண்டும் என் உழைப்பு, யார் தயவும் இல்லை. ஊரில் ஒரு தகராறு என்றால் போலீசுக்கு முன்னால் என்னிடம்தான் வருவார்கள். போன காரியத்தை முடிக்காமல் நான் திரும்பியதில்லை. இந்தப் பயணத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், இதில் நான் போன காரியம் முடியவில்லை என்பதுதான். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை, அதற்கு அவசியமில்லை.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, ஓலையைக் கையில் வைத்தபடியே என் தங்கை ரோசம்மா என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகன் செல்வின் ஒரகடத்தில் வேலை செய்கிறான். கார் கம்பெனி இல்லை. கார் கம்பெனிக்குத் தகடு வளைத்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. கொஞ்ச நாளாகப் போனை எடுப்பதில்லை. கூட இருக்கிற பையன் சொன்னானாம்: சாப்பிடுவதில்லை, ஷிப்டு முடிந்தால் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்துகொள்கிறான்.

"அண்ணே, அவன உசுரோட கூட்டிட்டு வந்துரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஈஸ்டர் பூசையில உம் பக்கத்துல நிப்பான். போயி ஆட்டுக்கறிக்குச் சொல்லி வையி" என்றேன்.

திங்கட்கிழமை விடியும்போது சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். ரோட்டோரம் பையன்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளை பஸ் ஒன்று வந்தது. அவர்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். உள்ளே ஏசி. முன் சீட்டில் உட்கார்ந்தேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி சட்டைக்கு மரியாதை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் முழுக்கத் தூக்கம். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் நாலு வீட்டுச் சமாச்சாரம் தெரிந்துவிடும். இங்கே ஒருவன் இன்னொருவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தலையை முட்டுக்கொடுத்து எல்லோரும் ஒரே மாதிரி வாயைத் திறந்து தூங்கினார்கள்.

பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் போய் நின்றது. செக்யூரிட்டி என்னை நிறுத்தினான்.

"ஐடி கார்டு எங்க பெரியவரே? எந்த லைனு நீ?"

"லைனும் இல்ல கயிறும் இல்ல. நான் ஐஸ் பிளாண்டு ஓனர்."

"ஓனரா? எங்க ஓனரு ஜப்பான்ல கீறாரு. நீ இன்னா இங்க வந்து எறங்கிகினு கீற?"

அது கம்பெனி பஸ். நான் போக வேண்டிய கம்பெனியும் அது இல்லை. சிரித்துக்கொண்டே வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தேன். எதிரே வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து இந்தியில் பேசிக்கொண்டார்கள். டிரைவருக்கு அந்தப் பாஷை பழகியிருந்தது.

"இன்னா சொல்றாங்க?" என்று அவன் மாதிரியே கேட்டேன்.

"உன்னப் பத்திதான் பெருசு. பையன் கை போச்சுன்னு பாக்க வந்த அப்பாவா இருக்கும்ன்றான் ஒருத்தன். அதெல்லாம் இல்ல, பாடி எடுக்க வந்திருப்பாருன்றான் இன்னொருத்தன். ஊர்லேர்ந்து வெள்ள வேட்டில வர்றவங்க இதுக்குத்தான் வருவாங்களாம்."

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காம்பவுண்டுச் சுவர், கேட்டு, காம்பவுண்டுச் சுவர். லாரிமேல் லாரியாகப் புதுக் கார்கள் போயின. அத்தனை அகலமான ரோட்டைக் கடப்பதற்கு ஒரு எருமை நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

செல்வினின் ஹாஸ்டலுக்குக் கீழே பிலோமினா மெஸ். அந்த அம்மாள் இந்தப் பக்கத்துக்காரி, வாலாஜாபாத் அருகே பிறந்தவள், வேதக்காரக் குடும்பம். தவக்காலம் ஆனதால் கறி கிடையாது, ஏரி மீன் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன்.

"சேத்து வாடை அடிக்கி."

"கடல் மீன் வோணும்னா கடலாண்ட போ. இங்க ஏரிதான் கீது" என்றாள். செல்வினின் மாமன் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. "அந்தப் புள்ளையா? ரெண்டு இட்லிய பிச்சுப் பிச்சுக் காக்காய்க்குப் போட்டுட்டுப் போவுது. கோயிலுக்கு வருது, கடைசித் தூணாண்ட நிக்குது. எல்லாம் நன்மை அப்பம் வாங்கப் போனா அது மட்டும் போவாது. இன்னாத்த முழுங்கிட்டு நிக்குதோ, யாருக்குத் தெரியும்."

ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்ததும் ராத்திரி ஷிப்டுக்காரன் அதே தலையணையில் படுக்கிறான். துணி சூடு ஆறுவதில்லை. செல்வின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலைக்கு மேல் ஆணியில் ஒரு நீலத் தொப்பி தொங்கியது. கம்பெனியில் மஞ்சள் தொப்பி என்றால் சாதாரண ஆள், நீலத் தொப்பி என்றால் லைனுக்கே லீடர் என்று கூட இருந்த பையன் சொன்னான்.

"பரவால்லியேல! லீடராயிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!" என்றேன்.

செல்வின் எழுந்து அந்தத் தொப்பியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"எதுக்கு மாமா வந்திய?"

"உன்னக் கூட்டிட்டுப் போக."

"நான் வரல."

அன்று முழுக்க அவனிடமிருந்து நான் வாங்கிய வார்த்தை அவ்வளவுதான். கடலில் இருந்து திரும்பாதவனின் அப்பனிடம்கூட நான் பேசிச் சோறு தின்ன வைத்திருக்கிறேன். இவனிடம் என் பேச்சு எடுபடவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் நடுக்கடலில் இருந்து தெரியும். இந்தக் கோயிலை ரோட்டில் இருந்து பார்த்தால் லாரி ஷெட்டு என்று நினைப்பீர்கள். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி. சாமியாருக்கு என் கடைசி மகன் வயதுதான் இருக்கும்.

"சாமி, எம் மருமவன் செல்வின் உங்கட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுனானா? என்ன சொன்னான்?"

"வந்தாரா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாதுங்க ஐயா."

"நான் அவன் தாய்மாமன்."

"இருக்கலாம் ஐயா."

"கோயிலுக்குக் கான்கிரீட் கூரை போட்டுத் தாரேன் சாமி."

"போடுங்க, சந்தோஷம். அப்பவும் சொல்ல மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஆள்மேல் ஒரு மதிப்பும் வந்தது, அதை மறைக்கவில்லை.

வெளியே வந்தால், ஒருவன் இடது கையால் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் ஜெரோம். அவன் அப்பா என் ஐஸ் லாரி ஓட்டியவர். செல்வினை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே இவன்தான். மெஷினில் இவன் கை போன செய்தி ஊருக்கு வந்திருந்தது. அவன் அஜாக்கிரதை, அதனால்தான் கம்பெனி வெளியே அனுப்பிவிட்டது என்றும் சொன்னார்கள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. கோயிலின் பின்னால் ஒரு அறை கொடுத்து, கோயில்பிள்ளையாகச் சாமியார் வைத்துக்கொண்டிருக்கிறார். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு எடுத்துக் கொடுப்பது அவன் வேலை.

"என்ன மாமா, எனக்காவா வந்திய?"

"இல்லல... செல்வினப் பாக்க வந்தேன்."

"அதான பாத்தேன். எங்கை போனப்ப ஊர்ல இருந்து ஒரு நாயி எட்டிப் பாக்கல. அவன் சோறு திங்கலன்னதும் ஐஸ் பிளாண்டே கெளம்பி வந்திருக்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தியளல. என்ன ஆச்சு அவனுக்கு?"

"அவன்ட்டயே கேளுங்க. நான் சொன்னா கோள் சொன்னதா ஆயிரும்."

மறுபடி பெருக்க ஆரம்பித்துவிட்டான். பெருக்கிய இடத்தையே பெருக்கினான்.

புதன்கிழமை செல்வினுக்கு வார லீவு. செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அவனை இழுத்துக்கொண்டு போனேன். பட்டணமே குடிக்கிற தண்ணீர், கடல்போல் இருக்கும் என்றார்கள். அலை இல்லாத தண்ணீரை நான் எப்படிக் கடல் என்று ஒத்துக்கொள்வது? வெயிலில் அது பாட்டுக்குக் கிடந்தது. கரையில் உட்கார்ந்தோம். வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அவன் தொடவில்லை.

"ஏல, ஒங்கம்மா அங்க சாவுதா. எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு. கொலையே பண்ணியிருந்தாலும் நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான். பிறகு தண்ணீரிடம் சொல்வதுபோல் சொன்னான்.

"அந்த மெஷின்ல ஒரு கண்ணு உண்டு மாமா. உள்ள கை போனா அது பாத்து மெஷின நிப்பாட்டிரும். ஆனா சும்மா சும்மா நிப்பாட்டும், டார்கெட் வராது. அதனால சூப்பர்வைசர் வந்து 'கண்ணக் கட்டி ஓட்டுங்கடா'ம்பாரு. டேப்ப ஒட்டி மறைச்சிருவோம். ஜெரோமண்ணன் தகட்ட உள்ள வைப்பான். வச்சுட்டு 'ம்'பான். நான் கால்ல பெடல மிதிச்சு மெஷின எறக்கணும். அன்னைக்கு டபுள் ஷிப்டு. அவன் 'ம்' சொன்னானா, சொன்னதா நானே நெனச்சுக்கிட்டனான்னு இப்பவும் தெரியல. மிதிச்சிட்டேன்."

கையில் இருந்த தோசையைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தேன். "அது விபத்துல, செல்வின்."

"விபத்துதான். அவனே சொன்னான். ஆஸ்பத்திரியில கட்டோட கெடந்துகிட்டு, 'அழாதல, ஒந்தப்பு இல்ல'ன்னான். நான் சொல்ல வந்தது அதுக்குப் பொறவு நடந்தது."

கை கொஞ்சம் ஆறியதும் கம்பெனியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஒரு மேசை, இந்தப் பக்கம் மேனேஜரும் சூப்பர்வைசரும், அந்தப் பக்கம் ஜெரோம், நடுவில் சாட்சியாகச் செல்வின்.

"சூப்பர்வைசர்தான் கேட்டாரு. 'டேப்ப ஒட்டுனது ஜெரோம்தானே? அவனே வச்சு அவனே மிதிச்சான், நீ டீ குடிக்கப் போயிருந்த, அப்படித்தானே?'ன்னாரு. நான் வாயத் தொறக்கல மாமா. தலைய மட்டும் ஆட்டுனேன். ஏசுவக் காட்டிக்குடுக்க யூதாசாவது முத்தம் குடுத்தான். எனக்கு அதுகூடத் தேவப்படல. ஜெரோமண்ணன் எதுத்தாப்புல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தான். திட்டல. பாத்துக்கிட்டே இருந்தான்."

அதற்கு அடுத்த வாரம் ஜெரோமை வெளியே அனுப்பினார்கள். செல்வினுக்கு நீலத் தொப்பி வந்தது.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டல்ல? ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. முடிஞ்சு போச்சு. என்ன பரிகாரம் குடுத்தாரு சாமியாரு?"

"அம்பத்துமூணு மணி ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தா நூறு தடவ சொல்லியிருப்பேன். அது சொல்லல. 'எங்க தலைய ஆட்டுனியோ அங்க போயி வாயத் தொற'ன்னு சொல்லிட்டாரு. அத ஒரு மாசமா சுமந்துகிட்டு அலையுதேன். கேட்டு வரைக்கும் போறேன், தொப்பிய மாட்டிக்கிட்டு லைனுக்குப் போயிருதேன். பொறவு எந்த மொகத்தோட நன்மை வாங்குதது?"

எனக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத்தான் பட்டது. தீர்க்க முடியாத காரியம் என்று ஒன்று உண்டு என்று நான் நம்பியதில்லை. "சரி, கெளம்பு. ஊருக்கு வா. பிளாண்டப் பாத்துக்க. ஜெரோமுக்கும் நானே ஒரு வேல போட்டுக் குடுக்கேன். இந்த ஊரு சகவாசமே வேண்டாம். வெளிய வந்திரு" என்றேன்.

செல்வின் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"யூதாசும் எந்திரிச்சு வெளிய போனான் மாமா. ஏசுவத் தெரியாதுன்னு சொன்ன ராயப்பரும் வெளிய போயித்தான் அழுதாரு. ரெண்டு பேரும் வெளியதான் போனாவ. ஒருத்தன் கயித்துக்குப் போனான். நான் மாடிச் செவுத்துல உக்காந்து தெனமும் அதத்தான் யோசிக்கேன், எந்தப் பக்கம் போகன்னு."

ரோசம்மா குருத்தோலையோடு வந்து நின்றது நினைவுக்கு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நாளைக்குக் காலையில கம்பெனிக்குப் போவோம். நானும் வாரேன்."

பெரிய வியாழன் காலை. வழியெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்: நீ சும்மா நில்லு, நான் பேசிக்கிடுதேன், எத்தனை ஆபீசரைப் பாத்தவன் நான். கேட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். கழுத்தில் 'விசிட்டர்' என்று ஒரு அட்டையை மாட்டி, செக்யூரிட்டி அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். செல்வின் நீலத் தொப்பியோடு உள்ளே போனான். சுவரில் பாதுகாப்பே முதல் என்று பெரிதாக எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேறு வேலை இல்லாததால் திரும்பத் திரும்பப் படித்தேன்.

செல்வின் வெறுந்தலையோடு வெளியே வந்தான்.

"என்னல சொன்னாவ?"

"எழுதிக்கிட்டாவ. 'அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத, நாளைக்கு என்ன சொல்லுவ?'ன்னு மேனேஜர் சிரிச்சாரு. சூப்பர்வைசர் ஒரு வார்த்த பேசல. ஹாஸ்டல நாளைக்குள்ள காலி பண்ணணுமாம்."

"ஜெரோமுக்கு?"

"பாப்போம்னாவ."

நேராகக் கோயிலுக்குப் போனோம். ஜெரோம் சாயங்காலப் பூசைக்காகப் பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். செல்வின் கிட்டே போனான்.

"அண்ணே. போயிச் சொல்லிட்டேன். மிதிச்சது நான்னு, டேப்ப ஒட்டச் சொன்னது அவருன்னு, எல்லாத்தையும்."

"ம்" என்றான் ஜெரோம்.

அந்தச் சத்தத்துக்குச் செல்வினின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. ஜெரோமும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மாமா, அந்தச் சேரத் தூக்கி இங்கன போடுங்க" என்றான். செல்வினிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான் எடுத்துப் போட்டது பன்னிரண்டாவது நாற்காலி.

அந்த நாற்காலியைப் பற்றி மத்தியானம் பிலோமினா சொன்னாள். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுவது எங்கும் உள்ள வழக்கம். எங்கள் ஊரில் முதல் நாற்காலி ராயப்பருக்கு; பல வருஷமாக அதில் நான்தான் உட்காருகிறேன், அதை அவளிடமும் சொன்னேன். இந்தக் கோயிலில் கடைசி நாற்காலியில் உட்கார ஆள் வருவதில்லை. எவனோ ஒருவன் எப்போதோ விளையாட்டாக 'யூதாஸ் சேர்' என்று சொல்லப்போக, அதுவே பெயராகிவிட்டது. உட்கார்ந்தவனை வருஷம் முழுக்கக் கேலி பண்ணுவார்களாம்.

"அப்போ யாரு உக்காருவா?"

"ஜார்கண்ட் புள்ள ஒண்ணு. அதுக்கு நம்ப பேச்சு தெரியாது, பாவம். சிரிச்சிகினே வந்து குந்தும். இந்த வாட்டி அதுக்கும் ஓ.டி. போட்டுட்டாங்க. யாரு குந்துவாங்களோ, அந்த ஏசுவுக்கே வெளிச்சம்."

செல்வின் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து கையைத் தட்டில் வைத்திருந்தான்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்த பையன்கள் யூனிபார்மோடு வந்து கோயிலை நிறைத்தார்கள். தகரக் கூரை பகல் வெயிலை உள்ளேயே வைத்திருந்தது. வாசகம் முடிந்து, பெயர் கொடுத்தவர்கள் போய் உட்கார்ந்தார்கள். சேஃப்டி ஷூவைக் கழற்றியதும் வந்த வாடையைத் தூபத்தால் அடக்க முடியவில்லை. பதினொரு பேர். கடைசி நாற்காலி காலி. சாமியார் காத்திருந்தார். பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான்.

கடைசித் தூணடியில் இருந்து செல்வின் நடந்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, வலது கால் செருப்பைக் கழற்றினான்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. காலையில் கம்பெனியில் நடந்தது அதற்குள் எல்லா ஹாஸ்டலுக்கும் போயிருந்தது. "கரெக்டான ஆளுதான் மச்சி" என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் தங்கை மகன், என் குடும்பத்துப் பிள்ளை, அந்தச் சேரில்! எழுந்து அவனிடம் போனேன்.

"எந்திரில. எந்திரின்னு சொல்லுதேன்ல. நம்ம குடும்பத்துல ஒருத்தனும்..."

பின்னால் இருந்து பிலோமினா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்து பெரியவரே. நீ உங்க ஊர்ல குந்துற மொத சேரு மட்டும் இன்னா ஒசத்தி? அந்தாளு மூணு தபா தெரியாதுன்னு சொன்னவருதானே?"

நான் உட்கார்ந்தேன். தள்ளிப் போகாமல், அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு முதல் ஆளிடம் மண்டியிட்டார். ஜெரோம் தோளில் துண்டு, இடது கையில் குவளை. குவளையின் அடியை வலது கையின் மிச்சத்தால் தாங்கித் தண்ணீர் ஊற்றினான். ஊற்றுவான், சாமியார் கழுவுவார், துண்டை வாங்கித் துடைப்பார், முத்தம் கொடுப்பார். ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து வந்தார்கள். நான் வரிசை ஓரத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தேன்.

பன்னிரண்டாவது வந்தது. சாமியார் செல்வினின் வலது காலைக் கையில் ஏந்தினார். பெடலை மிதித்த கால். ஜெரோம் அந்தக் காலைப் பார்த்தான். தண்ணீர் உடனே விழவில்லை. பாட்டு முடிந்து, பாடகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதலில் இருந்து எடுத்தார்கள். சாமியார் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, 'ஊத்து' என்றும் சொல்லவில்லை. காலை ஏந்தியபடி முழங்காலில் இருந்தார்.

ஜெரோம் ஊற்றினான். மற்றவர்களுக்கு ஊற்றியதைவிடக் கூடுதலாக ஊற்றினான். குவளை காலியாகும்வரை ஊற்றினான். தண்ணீர் வழிந்து என் வேட்டி நனைந்தது. சாமியார் கழுவி, துண்டுக்குக் கை நீட்டினார். ஜெரோம் துண்டைக் கொடுக்கவில்லை. காலிக் குவளையைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டான். துண்டு அவன் தோளிலேயே போயிற்று.

சாமியார் அந்த ஈரக் காலுக்கு முத்தம் கொடுத்தார். தன் வெள்ளை அங்கியின் ஓரத்தால் துடைத்தார். செல்வின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எங்கள் ஊரில் சாவுக்கு அழுகிற அழுகை. சிரித்தவர்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை.

பூசை முடிகிற நேரத்தில் செல்வின் வரிசையில் போய் நன்மை வாங்கினான். பிறகு மெஸ்ஸில் ஒரு தட்டுச் சோறு தின்றான். என் தங்கைக்குப் போன் பண்ணி, "சாப்பிட்டான்" என்று மட்டும் சொன்னேன்.

பெரிய வெள்ளி காலை. பூசை கிடையாது, மணியும் கிடையாது. செல்வின் ஹாஸ்டலைக் காலி பண்ணித் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கைகழுவக் கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனோம். ஊருக்குப் பஸ் பிடிக்கலாம் என்றேன்.

"நான் வரல மாமா. ஜெரோமண்ணன் விசயத்த மேல விசாரிப்பாவ. அப்ப மறுபடி நான் சொல்லணும். அது வரைக்கும் இங்கனதான். அம்மாகிட்டச் சொல்லுங்க, மாடியில ஏற மாட்டேன்னு."

"எங்கல தங்குவ?"

அவன் பையைத் தரையில் வைத்தான். அறைக்குள் இருந்து ஜெரோம் வாளியோடு வந்தான். கண் வீங்கியிருந்தது. நேற்று நடந்ததைப் பற்றி அவனிடம் கேட்க வாயெடுத்தேன். அவனே பேசினான், என்னைப் பார்த்து மட்டும்.

"மாமா, எனக்கு மன்னிப்பு இன்னும் வரல. வரவழைக்கவும் தெரியல. ஆண்டவருக்கு வந்துட்டுன்னு சாமியாரு சொல்லுதாரு, சரி. எனக்கு வந்தாச் சொல்லுதேன். அது வரைக்கும் அவன்ட்ட நான் பேச மாட்டேன்."

வாளியைக் குழாயடியில் வைத்தான். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னான்: "உள்ள ஒரு பாயி சும்மா கெடக்கு. வேணும்னா படுத்துக்கிடச் சொல்லுங்க."

செல்வின் இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றான். இருந்தாலும் நான் அவன் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "பாயி கெடக்காம். படுத்துக்கிடணுமாம்."

"எந்தப் பக்கம் படுக்கன்னு கேளுங்க மாமா" என்றான் செல்வின்.

நான் ஜெரோமிடம் கேட்டேன். எத்தனையோ பஞ்சாயத்து பேசியவன், அந்தக் காலையில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வார்த்தை சுமந்தேன்.

ஜெரோம் நிறைந்த வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு அறைப் பக்கம் நடந்தான். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னான்.

"செவுத்தோரமா. ஃபேன் காத்து அங்கதான் வரும்."

அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன்.